ரங்காத்தாள் போட்ட ஆறு கதவு

திருப்பூர் நல்லூரில் ரங்காத்தாளின் லைன் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதுவும் காலை பத்து மணிக்கு மேல், கம்பெனிக்குப் போகிறவர்கள் எல்லாம் போன பிறகு. ஒரே வரிசையில் ஆறு அறைகள், ஆறுக்கும் சேர்த்து வாசலில் ஒரு குழாய். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த எட்டு நாளும் போர் தண்ணீரைத்தான் உப்புக் கரிக்கக் குடிக்க வேண்டும்.

மூன்றாம் நம்பர் அறையில் இருந்த டேனியலும் யாழினியும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். அவன் தெற்கேயிருந்து வந்த பனியன் டெய்லர், அவள் தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங். ஆனாலும் குடிவந்த நாளிலிருந்து பதினோரு மாதமாக, தண்ணீர் வரும் நாளில் அவர்கள் வாசலில் நான்கு குடமும் தளும்ப நிறைந்திருக்கும். டீ நேரத்தில் டேனியல் ஓடி வந்து பிடித்து வைக்கிறான் என்று யாழினி நினைத்திருந்தாள். யாழினி பெர்மிஷன் போட்டுவிட்டு வருகிறாள் என்று அவன் நினைத்திருந்தான். வாய்ச்சண்டை வந்தால்கூட அந்தக் குடங்களைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் மனசு இளகிவிடும்.

ஒருநாள் டேனியலின் விரலில் ஊசி ஏறிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு பகலிலேயே வீட்டுக்கு வந்தான். ரங்காத்தாள் அவர்களுடைய பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்து, இடது கையால் அணைக்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து வந்து அவன் வாசலில் இறக்கினாள்.

"அக்கா, நீங்களா ஊத்துதீய?"

அவளுக்குத் திருடும்போது மாட்டிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. "பாத்துட்டியா? சரி, யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. அப்புறம் ஆறு ஊட்டுக்காரியும் குடத்தக் கொண்டாந்து என்ற தலைல கட்டீருவாளுக."

"எதுக்குக்கா இந்த வேலை உங்களுக்கு? கையும் சரியில்லாம."

"கை சரியில்லாததுக்குத் தண்ணி என்ன பண்ணும்? போய்ப் படு, போ."

அந்தக் கையின் கதையை அவள் டேனியலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்வாள்.

கொமரலிங்கம் கிராமத்தில் பிறந்தவள். கட்டிக்கொடுத்தது சீனிச்சாமி என்பவருக்கு. காடு காய்ந்ததும் இருவரும் திருப்பூருக்கு வந்தார்கள். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்தார். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை அடிக்க ஆரம்பித்தால் திங்கட்கிழமை வரைக்கும் ஓயமாட்டார். ஒரு தடவை மணிக்கட்டை வாசல்நடையில் வைத்து ஆட்டுக்கல் குழவியால் நசுக்கிவிட்டார். குழம்பில் உப்பு அதிகமாம். எலும்பு கோணலாகவே கூடியது.

செய்தி தெரிந்து அவள் தம்பி லிங்கசாமி ஊரிலிருந்து புல்லட்டில் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. மாமனை வெளியே கூப்பிட்டு, சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு, தெருவே நின்று பார்க்க அடித்தான். முதுகுத் தோல் சட்டையோடு சேர்ந்து வந்தது. "அக்கா, நீ உள்ள போய்ச் சோத்த வெய்யி. எனக்குப் பசிக்குது" என்று நடுவில் அவளிடம் சொன்னானாம். அவளும் போய் உலை வைத்தாள்.

"அன்னிக்கி அரிசி களையறப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு டேனியலு. பொய் சொல்லப்படாது. அவன் அடிக்கற சத்தம் கேக்கக் கேக்க, சிவன்மல ஆண்டவனே நேர்ல வந்தாப்பல இருந்துச்சு."

ஆண்டவன் அப்படி வருவானா என்று பிற்பாடு அவளே பல தடவை யோசித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு சீனிச்சாமி கை ஓங்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் பட்டறை வண்டியே பின்னால் வந்து ஏறிச் செத்துப்போனார். முதலாளி இழப்பீடு தராமல் இழுத்தடித்தபோதும் லிங்கசாமிதான் வந்தான். ஆபீஸ் கண்ணாடியையும் மேனேஜரின் மூக்கையும் உடைத்தான். ஒரு வாரத்தில் பணம் வந்தது.

அந்தப் பணத்தில் ரங்காத்தாள் நல்லூரில் நாலு சென்ட் வாங்கினாள். பதினாலு வருடம் லைன் வீட்டில் வாடகை கொடுத்தவள் அவள். வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் ரயிலில் வந்து இறங்குகிற சனம் தலைசாய்க்க அறை கிடைக்காமல் அலைவதைக் கண்ணால் பார்த்தவள். வயதாகி ஊசிக்கண் தெரியாமல் போனாலும் மாசம் பிறந்தால் வாடகை வரும், யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

பேங்குக்குப் போனாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற இடம், அப்ரூவல் இல்லை, கடன் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனவே இங்கே எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அஸ்திவாரம் போட்டதுமே மூன்று அறைகளைப் போக்கியத்துக்குப் பேசினாள். ஆளுக்கு இரண்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது. காலி செய்யும்போது இரண்டு லட்சத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குடியிருக்க வருகிறவர்களின் காசிலேயே சுவர் எழும்பியது. ஒரு போக்கியக்காரர் போனால் அடுத்து வருகிறவர் கொடுக்கிற காசை அவருக்குக் கொடுத்து அனுப்பிவிடலாம். மூன்றாம் நம்பரில் அப்படி வந்தவன்தான் டேனியல்.

கூரைக்கும் கதவுக்கும் ஐந்து லட்சம் குறைந்தது. அதற்குள் லிங்கசாமி தாராபுரம் ரோட்டில் பைனான்ஸ் ஆபீஸ் போட்டிருந்தான். அவனிடம் போய், இடத்தை அடமானமாக எழுதிக்கொண்டு கொடு என்று கேட்டாள்.

"அக்கா தம்பிக்குள்ள அடமானப் பத்திரமா? ஊர்ல கேட்டாக் காறித் துப்புவாங்க. நான் என்ன மார்வாடியா? சும்மா ஒரு கிரைய அக்ரிமெண்ட்டும் பவரும் போட்டுரு. நீ காசு குடுக்கற அன்னிக்கி கேன்சல் பண்ணிக்கலாம்."

உறவுக்குள் கடன் பத்திரம் எழுதுவதுதான் கேவலம். விற்பதாக எழுதிக்கொடுப்பதில் கேவலம் இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனக்காகச் செயினைச் சுற்றிய கைக்கு ரங்காத்தாள் இடத்தை விற்கும் பவர் எழுதிக் கொடுத்தாள். நேராகச் சிவன்மலைக்குப் போய்த் தேங்காயும் உடைத்தாள்.

பழைய சாமான் கடையில் ஆறு கதவு வாங்கினாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்றில் எவர் வீட்டிலோ ஒட்டிய லட்சுமி படம். ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆறு கதவு. ஆறு அறையையும் குடிவைத்துவிட்டு, குளியலறைக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு இறக்கி அதில் தான் படுத்துக்கொண்டாள். மூன்று அறையின் வாடகை தம்பிக்கு வட்டியாகப் போனது. தான் பிசிறு வெட்டியும் செக்கிங் பார்த்தும் சம்பாதித்ததைச் சீட்டில் போட்டாள்.

இரண்டாம் வருடம் ஆறாம் நம்பரில் இருந்த முருகேஷ் மூன்று மாத வாடகை தரவில்லை. கம்பெனியில் ஆர்டர் இல்லை, கொஞ்சம் பொறுங்க என்றான். ரங்காத்தாள் தம்பிக்கு போன் போட்டாள். அதுதான் அவள் தன் வாழ்க்கையில் மறக்காத போன்.

லிங்கசாமி வந்து கேள்வியே கேட்கவில்லை. ஹெல்மெட்டால் முருகேஷின் வாயில் அடித்தான். விழுந்தவனை எழுப்பி நிறுத்தி மறுபடியும் அடித்தான். பெண்டாட்டி பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கிரைண்டரையும் துணிமணியையும் தெருவில் எறிந்தான். ரங்காத்தாள் சாய்ப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வாசல் கூட்டும்போது சாக்கடைத் திட்டில் ஒரு பல் கிடந்தது. வேரோடு.

"அத வெளக்குமாத்துல தள்ளறதுக்கு எனக்குக் கை வல்லீங்கப்பா. குனிஞ்சு எடுத்தேன். எடுத்து எங்க போடறதுன்னுந் தெரீல." ஒரு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அந்த மாதத்தில்தான் ஆள் இல்லாத வீட்டு வாசல்களில் குடம் நிறைய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் யாருடைய வாடகைக்கும் தம்பியைக் கூப்பிடவில்லை.

போன வருடம் ஆடி மாதம் சீட்டுப் பணம் முழுதாகக் கைக்கு வந்தது. ஐந்து லட்சத்தையும் மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு, டேனியலின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தாராபுரம் ரோட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே குஷி. "இனி மூணு ஊட்டு வாடகையும் என்ற பையிலதான். உனக்கு ஒரு ஃபேன் மாட்டித் தர்றேன் பாரு."

டேனியல் வெளியே நின்றான். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. லிங்கசாமி பணத்தை எண்ணி மேசைக்குள் வைத்துப் பூட்டினான். பிறகு ஏதோ சொன்னான். ரங்காத்தாள் எழுந்து நின்றாள்.

"வித்துட்டியா? எத வித்த?"

"பவரு என்றகிட்ட இருக்குது. வேலுமணிக்கு எழுதிக் குடுத்துட்டேன்." வேலுமணி அவன் மச்சினன், பனியன் முதலாளி. "அவனுக்குக் குடோனுக்கு எடம் வேணும். ரோடு அகலமாகப் போகுது, இன்னிக்கி அந்த எடம் என்ன வெல தெரியுமா? நீ லைன் ஊடு கட்டிக்கிட்டு. உனக்கு வேணும்ங்கறதக் குடுக்கறேன், பேசாமப் போ."

"அப்ப என்ற காசத் திருப்பிக் குடு."

"இது வட்டி பாக்கி."

"எந்த மாசத்து வட்டிடா நிக்குது? நாயே!"

அறை விழுந்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. டேனியல் கதவைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அவளே வெளியே வந்துவிட்டாள். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள்.

"வண்டிய எடு. உனக்குக் கம்பெனிக்கு நேரமாச்சு."

அன்றைக்கு மாலைக்குள் லைன் முழுவதும் செய்தி பரவிவிட்டது. யாழினி வயிற்றில் அடித்துக்கொண்டாள். அவர்களுடைய இரண்டு லட்சம் என்பது அவள் சோமனூரிலிருந்து ஓடி வரும்போது போட்டிருந்த நகையும் அவன் ஐந்து வருடம் ஓவர்டைம் பார்த்ததும்தான். கையில் இருந்தது இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிய ஒரு போக்கியச் சீட்டு, பதிவுகூட இல்லை. அந்தக் காசு போனால் இரண்டு பேரும் தெருவில்தான்.

டேனியல் சாய்ப்புக்கு முன்னால் போய்க் கத்தினான். "என்னக்கா இப்டிப் பண்ணிட்டீய? வீடே உங்களது இல்லையாமே!"

"உங்க மூணு பேரு காசும் எங்கிம் போவாது."

"எப்டிப் போவாது? யார்ட்ட கேப்பேன் நான்?"

"என்றகிட்டக் கேளு. நான் என்ன ஓடியா போயிட்டேன்?" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. அதற்கு மேல் அவனால் கத்த முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. எல்லா வீட்டிலும் கறி வெந்துகொண்டிருந்தது. ஒரு டெம்போ வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். கடைசியாக லிங்கசாமி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு இறங்கினான்.

"யாரு மேலயும் கை வெக்காதீங்கடா. கதவ மட்டும் களட்டுங்க. கதவு போச்சுன்னா சனம் தானாப் போயிரும்."

ஆறாம் நம்பரில் ஆரம்பித்தார்கள். கடப்பாரையைக் கீலில் கொடுத்து நெம்பினால் நிலையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே குளித்துவிட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்த பெண்பிள்ளை துண்டோடு அலறியது. ஐந்து, நான்கு. நீலக் கதவு, பச்சைக் கதவு. எடுத்து டெம்போவில் எறிந்தார்கள். தடுக்க வந்த கிழவரை ஒருவன் மார்பில் உதைத்தான். அவர் அடுப்பின் மேல் போய் விழுந்தார்.

மூன்றாம் நம்பரில் டேனியல் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "போவ மாட்டேம்ல, என்ன செய்வீய?" என்றான். ஒருவன் கடப்பாரையைத் திருப்பி அவன் வலது முழங்கைக்குக் கீழே அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவன் காதிலேயே கேட்டது. இரண்டாவது அடி தோளில். யாழினி வடித்துக்கொண்டிருந்த கஞ்சியைப் பாத்திரத்தோடு அடித்தவன் முகத்தில் ஊற்றினாள். அவன் போட்ட கூச்சலில் தெருநாய்கள் ஓடின. இன்னொருவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

அப்போதுதான் ரங்காத்தாள் சாய்ப்பிலிருந்து வந்தாள். கையில் தேங்காய் வெட்டுகிற அரிவாள். ஓடி வரவில்லை. குடம் தூக்கி வருகிற அதே சாய்ந்த நடை.

"லிங்கு, கதவ மாட்டச் சொல்லு."

"மாட்டாட்டி? வெட்டிப்போடுவியா?" அவன் சிரித்தான். "கோயிலு கொளம்னு போறியே, உன்ற புருசன் கைய நசுக்குனப்ப எந்தச் சாமி வந்துச்சு? நாந்தான வந்தேன்?"

"ஆமா. நீதான் வந்த."

"அப்பறம் என்ன? குடு அத இக்கட்ட." அரிவாளைப் பிடுங்க வலது கையை நீட்டினான்.

"இந்தக் கைதான் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தக் கையை வெட்டினாள்.

இரண்டு விரல்கள் சாக்கடைத் திட்டில், முருகேஷின் பல் கிடந்த அதே இடத்தில் விழுந்தன. வெள்ளைச் சட்டை மார்பு வரைக்கும் சிவந்துவிட்டது. கூட வந்தவர்கள் ஒரு நொடி மலைத்து நின்றுவிட்டு அவள் மேல் பாய்ந்தார்கள். ஒருவன் கடப்பாரையை இடுப்பில் இறக்கினான். விழுந்த பிறகும் அதே இடத்தில் மிதித்தார்கள். லிங்கசாமி மண்ணில் உட்கார்ந்து, கையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "விடுங்கடா! என்ற அக்காடா! விடுங்கடா!" என்று கத்தினான். அவன் கத்தியதை அவன் ஆட்களே கேட்கவில்லை.

ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் அக்கா ஒரு வார்டு, தம்பி ஒரு வார்டு. டேனியல் மாவுக்கட்டோடு அவளுக்கு இரண்டு கட்டில் தள்ளி இருந்தான். போலீஸ் வந்து கேட்டபோது அக்காவும் தம்பியும் சொல்லி வைத்ததுபோல், வீட்டுக்குள் சண்டை, நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். கேஸ் என்று போனால் இரண்டு பேருமே உள்ளே போக வேண்டியவர்கள்தான்.

ஐந்தாம் நாள் சொந்தத்தில் பெரியவரான ஆறுமுகசாமி சமாதானம் பேச வந்தார்.

"ரங்கா, வித்தது வித்ததுதான். பவரு நீ குடுத்தது. கோர்ட்டுக்குப் போனீன்னா பத்து வருசம், நீ இருக்க மாட்ட. பாத்தியம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டு எடத்த விட்டுரு. உனக்கு என்ன வேணும், சொல்லு சாமி, வாங்கித் தர்றேன்."

அவளால் திரும்பிப் படுக்க முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மூணு ஊட்டுப் போக்கியக் காசும், வாடகைக்காரங்க அட்வான்சும் என்ற கண்ணு முன்னால அவிய கைக்குப் போகோணும். இந்தக் கட்டலு மேல வெச்சு எண்ணோணும். அதுக்கப்பறம் கையெழுத்து."

"அது அவியளுக்கு. உனக்கு?"

"மொதல்ல அது நடக்கட்டுமுங்க. என்றதப் பொறகு பேசலாம்."

"மொதல்ல அவியளுக்குக் குடுத்துட்டா உனக்குன்னு கேக்கறதுக்குப் புடி இருக்காது பாத்துக்க. உன்ற தம்பியப் பத்தித் தெரியாதா?"

"தெரியுமுங்க."

இரண்டு கட்டில் தள்ளி டேனியல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். அவனுக்கு வாயைத் திறந்து, வேண்டாம்க்கா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவனுக்கும் அந்தக் காசு வேண்டும்.

இரண்டு நாளில் பணம் வந்தது. அவளுடைய கால்மாட்டில் வைத்து எண்ணினார்கள். யாழினி வாங்கிக்கொண்டு அழுதாள். "கண்ணு, நோட்டு நனையுது பாரு" என்றாள் ரங்காத்தாள். பிறகு நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஆறுமுகசாமி சொன்னதுதான் நடந்தது. அவளுடைய ஐந்து லட்சத்தில் இரண்டுதான் திரும்பி வந்தது. லிங்கசாமி அக்காவைப் பார்க்க வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவை யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

நல்லூரில் அந்த இடத்தில் இப்போது குடோன் நிற்கிறது. ரங்காத்தாள் யாழினியின் ஊர்ப் பக்கமான சோமனூருக்குப் போனாள். அந்த இரண்டு லட்சத்துக்கு ஒதுக்குப்புறத்தில் துண்டு நிலம் வாங்கி, ஒரே ஒரு அறைக்கு அஸ்திவாரம் போட்டாளாம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது இடுப்புப் புண் உள்ளுக்குள் சீழ் பிடித்து, நாலே நாளில் போய்ச் சேர்ந்தாள். செய்தி டேனியலுக்கு வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஆண்டவன் மேலே ஒரு நல்ல இடம் வைத்திருப்பான்.

அவன் அவளைக் கடைசியாகப் பார்த்தது நல்லூர் பஸ் ஸ்டாப்பில்தான். கம்பு ஊன்றி நின்றாள். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஒரு கட்டப்பையில் அடங்கிவிட்டது. கட்டு அவிழ்த்த கையால் டேனியல் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தான்.

"அக்கா, அங்க வீடு கட்டி முடிச்சா மொத போக்கியம் நாங்கதான். காசு அப்டியே வச்சிருக்கோம்."

அவள் படியில் ஒரு காலை வைத்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

"மூஞ்சியப் பாத்துக் காசு குடுக்கற வேலைய இன்னியோட உடு, டேனியலு. நாளைக்கி நானே வந்து கேட்டாலுஞ் செரி, மொதல்ல பத்திரத்தக் காட்டுன்னு சொல்லு."